காலும் கையும் கலந்த விளையாட்டு
(கிக் பாக்ஸிங் பிறந்து வளர்ந்த வரலாறு)

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

'சண்டை' என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் அம்மாவின் புருவம் நெரியும். அதனைச் சொல்வது பெண்பிள்ளை என்றால் பாட்டியும் சேர்ந்துகொள்வார். அப்படியிருக்க, நம் பள்ளி மலரில் ஒரு சண்டை விளையாட்டைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். ஆனால் புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஓட்டப் பந்தய வீரரையும் குத்துச்சண்டை வீரரையும் எடுத்துக்காட்டாகக் கூறித் தன்னடக்கத்தின் அருமையை விளக்குகிறார். கொரிந்து நகருக்கு அருகில் அக்காலத்தில் புகழ்பெற்ற விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்று வந்தன. மக்கள் கண்ணால் கண்டதையே அவர் பாடமாக்கினார். நாமும் அவ்வழியே ஒரு விளையாட்டைக் கண்டு பாடம் கற்கலாம் அன்றோ?

தெருவில் இருவர் அடித்துக்கொண்டால் அது சண்டை. மேடையில் இருவர் மோதினால் அது விளையாட்டு. இரண்டையும் பிரிக்கும் கோடு எது? அதுவே விதி. கையுறை அணிந்த கரங்களும் உயர்ந்தெழும் கால்களும் சேர்ந்த கிக் பாக்ஸிங் என்னும் விளையாட்டின் வரலாறு, இந்த உண்மையை மிக அழகாக எடுத்துக்காட்டுகிறது.

பழங்காலச் சுவடுகள்

கையும் காலும் கொண்டு மோதும் போட்டி மிகப் பழமையானது. கிரேக்க நாட்டின் ஒலிம்பிக் விழாவில் கி.மு. 648-இல் 'பங்கிராதியோன்' என்னும் போட்டி சேர்க்கப்பட்டது. குத்தலாம், உதைக்கலாம், பிடித்து வீழ்த்தலாம். கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் மட்டுமே கூடாதவை. இவ்வளவு கொடிய போட்டிக்கும் இரண்டு விதிகளாவது தேவைப்பட்டன என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் பிரான்ஸ் நாட்டில் காலணி அணிந்த காலால் உதைக்கும் 'சவாட்' என்னும் கலை வளர்ந்தது. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எனினும் இன்று நாம் கிக் பாக்ஸிங் என்று அழைக்கும் விளையாட்டு இவற்றிலிருந்து பிறக்கவில்லை. அதன் பெற்றோர் இருவரும் ஆசியக் கண்டத்தவர். ஒன்று தாய்லாந்தின் முவாய் தாய். மற்றொன்று ஜப்பானின் கராத்தே.

எட்டு அங்கங்களின் கலை

முவாய் தாய், தாய்லாந்து மக்களின் தேசிய விளையாட்டு. இதனை 'எட்டு அங்கங்களின் கலை' என்பர். இரண்டு கைமுட்டிகள், இரண்டு முழங்கைகள், இரண்டு முழங்கால்கள், இரண்டு கால்கள் ஆகிய எட்டும் இதில் ஆயுதங்களாகின்றன. பழங்காலத்தில் வீரர்கள் கைகளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மோதினர். 1920களில் ஆங்கிலக் குத்துச்சண்டையைப் பார்த்து கயிறு கட்டிய மேடை, கையுறை, நேரம் குறித்த சுற்றுகள் ஆகியவை வந்தன. பாங்காக் நகரில் ராஜதம்னூன் அரங்கம் 1945-இலும் லும்பினி அரங்கம் 1956-இலும் திறக்கப்பட்டன.

போட்டி தொடங்குமுன் வீரர் தம் குருவை நினைத்து மேடையில் மெல்ல வணங்கி ஆடுவார். குழலும் முரசும் தாளமும் ஒலிக்கும். போட்டி நடக்கும்போதும் அந்த இசை ஓயாது. குருவணக்கம் இல்லாமல் முதல் உதை விழுவதில்லை என்பது நம்மைப் போன்ற மாணவியருக்கு இனிய செய்தி.

வெறுங்கைக் கலை

கராத்தே ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. 1922-இல் கிச்சின் ஃபுனகோஷி என்னும் ஆசிரியர் டோக்கியோவில் அதனைச் செய்து காட்டினார். அதன்பின் ஜப்பானின் கல்லூரிகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் அது பரவியது. ஆனால் கராத்தே போட்டிகளில் பெரும்பாலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எதிரியின் உடலைத் தொடுவதற்குச் சற்று முன்பே குத்தையும் உதையையும் நிறுத்திவிட வேண்டும். இது உடலுக்குப் பாதுகாப்பு. ஆயினும், "இந்த அடி உண்மையில் பட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்வி சிலர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

அவர்களுள் ஒருவர் தாட்சுவோ யமாடா. உண்மையாகவே தொட்டு மோதும் புதிய போட்டி வேண்டும் என்று விரும்பிய அவர், 1959-ஆம் ஆண்டு 'கராத்தே பாக்ஸிங்' என்ற பெயரில் ஒரு திட்டம் வரைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் முவாய் தாய்ப் போட்டியையும் நடத்திக் காட்டினார். கியோகுஷின் கராத்தேயைத் தோற்றுவித்த மசுதாட்சு ஓயாமாவும் முழுமையாக மோதும் பயிற்சியையே போற்றினார்.

பாங்காக்கில் ஒரு தேர்வு

குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திவந்த ஒசாமு நொகுச்சி என்பவர் இவ்விரு கலைகளையும் நேருக்கு நேர் நிறுத்த எண்ணினார். 1960களின் முற்பகுதியில் ஓயாமாவின் பயிற்சிக் கூடத்தைச் சேர்ந்த தடாஷி நாகமுரா, அகியோ ஃபுஜிஹிரா, கென்ஜி குரோசாகி ஆகிய மூவர் பாங்காக் சென்றனர். லும்பினி அரங்கில் முவாய் தாய் வீரர்களுடன் மோதினர். நாகமுராவும் ஃபுஜிஹிராவும் வென்றனர். மற்றவர்க்குப் பயிற்சி தரும் ஆசிரியராயிருந்த குரோசாகியோ தோற்றார்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜப்பான் மகிழ்ந்தது. ஆனால் அந்த இருவரின் வெற்றியைவிட அந்த ஒருவரின் தோல்வியே பின்னாளில் உலகுக்கு அதிகப் பயன் தந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பெயர் சூட்டு விழா

முவாய் தாயையும் கராத்தேயையும் கலந்து, அதற்கென ஒரு விதித்தொகுப்பு அமைத்து, 'கிக் பாக்ஸிங்' என்று பெயரிட்டவர் நொகுச்சியே. ஆங்கிலச் சொற்களால் ஆன இந்தப் பெயர் ஜப்பானில் பிறந்தது என்பது வியப்புக்குரியது. 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஒசாகா நகரில் முதல் போட்டி நடந்தது. தொடக்கத்தில் தலையால் முட்டுவதும் தூக்கி எறிவதும்கூட அனுமதிக்கப்பட்டன. பின்னர் அவை விலக்கப்பட்டன. குழந்தை வளர வளர அதன் விளையாட்டுச் சாமான்களிலிருந்து கூர்மையானவற்றை எடுத்து வைப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

புதிய விளையாட்டுக்குப் புகழ் தேடித் தந்தவர் தடாஷி சவாமுரா. கராத்தே மாணவரான அவர் 1966-இல் ஒரு தாய்லாந்து வீரருடன் மோதி, 16 முறை தரையில் விழுந்து தோற்றார். வேறொருவராயிருந்தால் அன்றோடு கையுறையைக் கழற்றியிருப்பார். சவாமுராவோ மீண்டும் பயின்றார். பறந்து வந்து முழங்காலால் தாக்கும் அவரது ஆட்டம் ஜப்பான் சிறுவர்களின் கனவாயிற்று. அவரை நாயகனாக்கிச் சித்திரக்கதையும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரும் வந்தன. 1970-ஆம் ஆண்டளவில் ஜப்பானில் மூன்று அலைவரிசைகள் கிக் பாக்ஸிங்கை ஒளிபரப்பின.

1977-இல் சவாமுரா ஓய்வு பெற்றார். அதன்பின் கூட்டம் குறைந்தது. சில ஆண்டுகளில் தொலைக்காட்சியும் கைவிட்டது. இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு வீரரின் தோள்மீது மட்டும் ஏறி நிற்கும் விளையாட்டு, அவர் அமர்ந்தவுடன் தானும் அமர்ந்துவிடுகிறது. பல நாடுகள் ஒப்புக்கொண்ட விதியின்மீது நிற்கும் விளையாட்டோ ஆள் மாறினாலும் நிலைத்திருக்கிறது. அந்த நிலை வருவதற்குக் கிக் பாக்ஸிங் கடல் கடக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் இவ்விளையாட்டு தனி வழியே வளர்ந்தது. ஜோ லூயிஸ் என்பவர் அமெரிக்க மரைன் படை வீரராக ஒகினாவாவில் இருந்தபோது கராத்தே கற்றவர். (புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வேறு, இவர் வேறு.) தொடாமல் நிறுத்தும் போட்டிகளில் சலிப்புற்ற இவர், குத்துச்சண்டைக் கையுறை அணிந்து முழுமையாக மோத விரும்பினார். 1970 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் கிரெக் பெய்ன்ஸ் என்பவரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அமெரிக்காவின் முதல் கிக் பாக்ஸிங் போட்டி இதுவே என்பர்.

1974-இல் தொழில்முறை கராத்தே சங்கம் தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அதன் முதல் உலகப் போட்டியில் ஜோ லூயிஸ், ஜெப் ஸ்மித், பில் வாலஸ், மெக்சிகோவின் இசாயாஸ் துவேனாஸ் ஆகிய நால்வர் நான்கு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றனர். இச்சங்கத்தின் விதிகள் தாய்லாந்து விதிகளுக்கு நேர் மாறானவை. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. முழங்கையும் முழங்காலும் கூடாது. அதே வேளையில் சில வீரர்கள் உதைப்பதையே மறந்து குத்துச்சண்டை மட்டும் ஆடத் தொடங்கியதால், ஒரு சுற்றில் குறைந்தது 8 உதைகளாவது உதைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதனை எண்ணுவதற்கென்றே தனி நடுவர் அமர்ந்தார்!

பில் வாலஸின் கதை நம் மனத்தில் பதிய வேண்டியது. ஜூடோ பயிற்சியில் அவரது வலது முழங்கால் கெட்டுவிட்டது. ஆகவே இடது காலை மட்டுமே உதைக்கப் பழக்கினார். அவர் எந்தக் காலால் உதைப்பார் என்பது எதிரிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ஒற்றைக் காலின் உதையை நம்பியே அவர் தோல்வியறியாத வாகையராய் 1980-இல் விடைபெற்றார்.

ஐரோப்பாவில்: தோற்றவர் தந்த கொடை

பாங்காக்கில் தோற்ற குரோசாகியை இப்போது நினைவுகூர்வோம். அவர் தம்மை வீழ்த்திய கலையை வெறுக்கவில்லை. அதில் என்ன சிறப்பு என்று ஆராய்ந்தார். டோக்கியோவில் மெஜிரோ என்னும் பயிற்சிக் கூடத்தை நிறுவி, கராத்தேயோடு முவாய் தாயையும் சேர்த்துக் கற்பித்தார். அவருடைய மாணவர் தோஷியோ ஃபுஜிவாரா 1978-இல் ராஜதம்னூன் அரங்கத்தின் பட்டத்தை வென்றார். தாய்லாந்தைச் சேராத ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

அதே குரோசாகியிடம் பயில நெதர்லாந்திலிருந்து வந்தவர் யான் பிளாஸ். நாடு திரும்பி, 1978-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் தம் குருவின் கூடத்தின் பெயரையே சூட்டிப் பயிற்சிக் கூடம் திறந்தார். அந்நகரில் தோம் ஹாரிங்க் நடத்திய சாக்குரிகி கூடமும் புகழ்பெற்றது. ஆங்கிலக் குத்துச்சண்டையின் அடுக்கடுக்கான குத்துகளைக் கொடுத்து, முடிவில் எதிரியின் தொடையில் பலமாக உதைப்பது 'டச்சு முறை' எனப் பெயர் பெற்றது. தாய்லாந்தில் கற்ற வலியை ஜப்பான் பாடமாக்கியது. ஜப்பான் தந்த பாடத்தை நெதர்லாந்து செழுமையாக்கியது.

இதற்கிடையே 1976-இல் அமெரிக்கரான மைக் ஆண்டர்சனும் ஜெர்மானியரான கியோர்க் புருக்னரும் சேர்ந்து 'வாக்கோ' என்னும் உலக அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் முதல் உலகப் போட்டி 1978-இல் பெர்லின் நகரில் நடந்தது. பணத்துக்காக ஆடும் தொழில்முறை வீரர்களைவிட, அமெச்சூர் வீரர்களையே இவ்வமைப்பு பெரிதும் பேணியது.

மீண்டும் ஜப்பான்: கே-1

1993 ஏப்ரல் 30 அன்று டோக்கியோவின் யோயோகி உள்ளரங்கில் கசுயோஷி இஷீ என்னும் கராத்தே ஆசிரியர் 'கே-1' போட்டியைத் தொடங்கினார். கராத்தே, குங்ஃபூ, கிக் பாக்ஸிங் ஆகிய பல கலைகளின் ஆங்கில முதலெழுத்து ஒன்றே என்பதால் இந்தப் பெயர். எட்டு வீரர்கள், ஒரே இரவு, ஒரே வாகையர். குத்து, உதை, முழங்கால் உண்டு. முழங்கைத் தாக்குதல் இல்லை. எந்தக் கலையைக் கற்றவரும் வந்து மோதலாம். முதல் பட்டத்தை வென்றவர் குரோஷிய நாட்டின் பிராங்கோ சிகாடிச். இறுதியில் அவரிடம் தோற்ற நெதர்லாந்தின் எர்னெஸ்டோ ஹூஸ்ட், பின்னர் 1997, 1999, 2000, 2002 ஆகிய நான்கு ஆண்டுகளில் அப்பட்டத்தைக் கைப்பற்றினார். சவாமுராவுக்குப் பின் மங்கியிருந்த விளக்கு மீண்டும் ஒளிவிட்டது. இம்முறை அதற்கு எண்ணெய் வார்த்தவர்கள் பல நாட்டினர்.

ஒரு விளையாட்டு, பல விதிகள்

இந்த வளர்ச்சியில் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு சங்கமும் தனித்தனி விதி வகுத்து, தனித்தனி 'உலக வாகையர்' பட்டம் வழங்கியது. ஒரே எடைப் பிரிவில் ஒரே ஆண்டில் பல உலக வாகையர்! கேட்பவர்க்கே குழப்பம். வாக்கோ அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. வெவ்வேறு விதிகளை அழிக்காமல், ஒரே கூரையின்கீழ் தனித்தனிப் பிரிவுகளாக வைத்தது. மேடைமேல் ஆடப்படும் முழுத்தொடர்பு, தாழுதை, கே-1 விதி ஆகியவை ஒருபுறம். விரிப்பின்மேல் ஆடப்படும் புள்ளிச் சண்டை, மென்தொடர்பு போன்றவை மறுபுறம்.

புள்ளிச் சண்டையில் ஓர் அடி சரியாகப் பட்டவுடன் நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் புள்ளி தருவார். குத்துக்கு 1 புள்ளி. உடலில் பட்ட உதைக்கு 1. தலையைத் தொட்ட உதைக்கு 2. துள்ளி எழுந்து தலையைத் தொட்டால் 3. அளவுக்கு மீறிப் பலமாக அடித்தால் தண்டனை. பலசாலியைவிடத் தன் பலத்தை அடக்கத் தெரிந்தவரே இதில் வெல்வார். பவுலடியார் சொன்ன தன்னடக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

இந்த ஒழுங்குமுறையே உலக அரங்கின் கதவுகளைத் திறந்தது. 2017-இல் போலந்தில் நடந்த உலக விளையாட்டுகளிலும், 2023-இல் அதே நாட்டில் நடந்த ஐரோப்பிய விளையாட்டுகளிலும் கிக் பாக்ஸிங் இடம்பெற்றது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2018-இல் வாக்கோவுக்குத் தற்காலிக அங்கீகாரமும், 2021-இல் முழு அங்கீகாரமும் அளித்தது. அங்கீகாரம் பெறுவது வேறு, ஒலிம்பிக் போட்டி நிரலில் இடம்பெறுவது வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இல்லை. வாசல் வரை வந்தாயிற்று. உள்ளே நுழைவது வருங்காலத்தின் பணி.

மகளிரும் மேடையும்

தோழியரே, நமக்கு மிகவும் வேண்டிய பகுதி இதுதான். பாங்காக்கின் லும்பினி அரங்கில் பெண்கள் மேடையைத் தொடவே கூடாது என்ற வழக்கம் பல்லாண்டு இருந்தது. பெண் தொட்டால் மேடையின் பாதுகாப்பு நீங்கிவிடும் என்று நம்பினர். 1956-இல் திறந்த அந்த அரங்கின் பெயரால் பெண்கள் மோதிய முதல் போட்டி 2021 நவம்பரில்தான் நடந்தது. குத்துச்சண்டையின் நிலையும் பெரிதும் மாறுபட்டதன்று. ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை நுழைந்தது 2012-இல், லண்டனில்.

ஆனால் கதவு திறக்கும்வரை பெண்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்காவின் கிராசியேலா காசியாஸ் குத்துச்சண்டை, கிக் பாக்ஸிங் இரண்டிலும் உலகப் பட்டம் பெற்றார். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த லூசியா ரைக்கர், சிறுமியாக ஜூடோவும் பின்னர் வாள்வீச்சும் பயின்று, கிக் பாக்ஸிங்கில் உலக வாகையரானார். நம் நாட்டிலோ, காஷ்மீரின் பந்திபோரா மாவட்டத்தைச் சேர்ந்த தஜமுல் இஸ்லாம் என்ற எட்டு வயதுச் சிறுமி 2016-இல் இத்தாலியில் நடந்த உலகப் போட்டியில் தன் வயதுப் பிரிவில் தங்கம் வென்றாள். 2021-இல் எகிப்தின் கெய்ரோ நகரில் மீண்டும் தங்கம் பெற்றாள். பனி மலைகளுக்கிடையே உள்ள ஊரிலிருந்து ஒரு சிறுமி உலக மேடை ஏற முடிந்ததென்றால், வயதுக்கும் எடைக்கும் ஏற்பப் பிரிவு வகுத்த விதிகளுக்கு நன்றி கூற வேண்டும். விதி இல்லாத இடத்தில் பெரியவரே வெல்வார். விதி உள்ள இடத்தில் சிறியவருக்கும் ஓர் இடம் உண்டு.

பெற்றோர் கேட்கும் கேள்வி

"அடிபட்டால் என்ன செய்வது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தலையில் விழும் பலத்த அடி மூளையைக் குலுக்கிவிடும். மயங்கி விழுவது வீரப் பெருமை அன்று. அது மருத்துவர் கவனிக்க வேண்டிய காயம். இதனை மறைத்து விளையாட்டைப் புகழ்வது உண்மையாகாது. ஆகவேதான் அமெச்சூர் போட்டிகளில் தலைக்கவசம், பற்காப்பு, கையுறை, கால்காப்பு ஆகியவை கட்டாயமாகின்றன. ஒரு சுற்று 2 நிமிடம், மொத்தம் 3 சுற்றுகள் என்ற அளவும் உண்டு. கற்க விரும்புவோர் மென்தொடர்பு, புள்ளிச் சண்டை போன்ற பிரிவுகளில் தகுந்த ஆசிரியரிடம் தொடங்குவதே நன்று. திரைப்படத்திலும் கைப்பேசியிலும் பார்த்த உதையைத் தம்பியின்மீது சோதித்துப் பார்ப்பது கிக் பாக்ஸிங் ஆகாது!

முடிவுரை

ஜப்பானும் தாய்லாந்தும் யார் பெரியவர் என்று பார்க்க மோதின. அந்த மோதலிலிருந்து பகை வளரவில்லை. இருவரும் கலந்த ஒரு புதிய விளையாட்டு வளர்ந்தது. தோற்ற குரோசாகி ஆசிரியராய் உயர்ந்தார். பதினாறு முறை விழுந்த சவாமுரா நாட்டின் நாயகரானார். ஒரு கால் கெட்ட வாலஸ் மறு காலால் உலகை வென்றார். வீழ்ச்சியிலிருந்து கற்றுக்கொள்ள மனமும், அனைவரும் பணியும் விதியும் சேர்ந்தால், சண்டையும் கலையாக மாறும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் செய்தி.

நாம் எல்லோரும் மேடையேறப் போவதில்லை. ஆனால் கோபம் வரும்போது கையை அடக்கவும், விழும்போது எழுந்து நிற்கவும், எதிரே நிற்பவரை மதித்துத் தலை வணங்கவும் நாம் எல்லோரும் பழகலாம். இறைவன் தந்த உடல் அவரது ஆலயம். அதனை உறுதியாகவும் கட்டுப்பாடாகவும் பேணுவோம். நமக்குப் பின்வரும் தங்கையருக்கும் அந்த வழியைக் காட்டுவோம்.